பதுளையும் அயலும்: பூக்காலம் காணுமிடங்கள்

இளவேனில் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் பலரின் மனக்கண்முன் தோன்றுவது ஆங்கில வாசக நூலில் அச்சிடப்பட்ட படமொன்றே. பனி உருகுகின்றது, இலையற்ற கிளைகளில் வெண்பூ அரும்புகின்றது, பிள்ளைகள் கம்பளி ஆடையைக் களைந்துவிட்டு வெளியே ஓடுகின்றனர். அதற்கு அடுத்தபடியாக அவர்கள் அறிந்தது யப்பானியரின் செரி மலர். டோக்கியோ நகரம் 1912 ஆம் ஆண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செரி மரங்களை வாஷிங்டன் நகருக்கு அன்பளிப்பாக அனுப்பியது. அப்பூக்காட்சியைக் காண இன்றும் ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். கியோத்தோ நகரிலோ, செரி மலர்ந்த நாளை அரசவையாரும் துறவியரும் தத்தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தனர். அக்குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதலாகக் கிடைக்கின்றன. 2021 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் நாள் அங்கே செரி முழுதும் மலர்ந்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளுள் இவ்வளவு முந்தி மலர்ந்த ஆண்டு வேறில்லை என ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

வகுப்பறையில் இவற்றை நாம் சொல்லிக்கொண்டிருந்தபொழுது, தோட்டத்திலிருந்து நாள்தோறும் நடந்துவரும் மாணவன் ஒருவன் எழுந்து, நமது பதுளைக்கு இளவேனில் எப்பொழுது வரும், அதனை எங்கே சென்று காணலாம் என்று வினவினான். அன்று நாம் கூறிய விடை விடையாகவில்லை. பல ஆண்டுகளாக மாணவரோடு மலையேறியும் இறங்கியும் கண்டவற்றைத் திரட்டி, அவ்விடையை இந்த யூபிலி மலரிலே எழுதத் துணிகின்றோம். வினவியவன் இப்பொழுது பழைய மாணவர் சங்கத்து உறுப்பினன். இதனை அவன் படிப்பான் என நம்புகின்றோம்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர் என்பதை மாணவர் அறிவர். ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தென்னிந்தியச் சமவெளிக்கு இவ்வகுப்பு ஒருவாறு பொருந்தும். ஊவா மலைநாட்டிலே இதனைக் கையில் வைத்துக்கொண்டு சித்திரை முதலாம் நாள் பூப்பார்க்கப் புறப்படுவோன் பாதிக் காட்சியை இழந்துவிடுவான். இங்கே பூக்காலம் பின்பனியாகிய மாசியிலேயே தொடங்கிவிடும்.

அதன் காரணம் மழையிலே உள்ளது. ஐப்பசி தொடக்கம் தை வரையில் இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவக்காற்றும் பதுளைச் சரிவுகளை நனைக்கின்றன. மாசியில் வானம் வெளிக்கின்றது. பங்குனி, சித்திரை மாதங்களிலே பிற்பகல் வேளையில் இடியோடு கூடிய மழை பெய்யும். அதன் பின்னர், நாட்டின் மேற்குப் பகுதியில் தென்மேல் பருவக்காற்று வெள்ளம் பெருக்கும் நாளில், ஊவாவோ வறண்டு கிடக்கும். மேற்குச் சரிவிலே தன் நீரைக் கொட்டிவிட்ட காற்று, மலைமுகட்டைக் கடந்து இப்புறம் வெங்காற்றாய் இறங்குகின்றது. கச்சான் என்று நாம் ஏசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைக் கொடுப்பது. இவ்வாறு ஆண்டில் இரு வறள்காலங்கள் நமக்கு உண்டு. ஐரோப்பாவிலும் யப்பானிலும் மரத்துக்கு நாள் குறிப்பது குளிர். குளிர்காலம் முழுவதும் உறங்கினாலன்றிச் செரி மரம் செவ்வையாகப் பூக்காது. இங்கே நாள் குறிப்பது நீர்.

அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ஹொப்கின்ஸ் என்பார் 1918 ஆம் ஆண்டில் ஒரு விதி கூறினார். வடக்கே ஒரு பாகை செல்லச் செல்ல, அல்லது 400 அடி உயரம் ஏற ஏற, இளவேனில் நான்கு நாள் பிந்தும் என்பது அவ்விதியின் சாரம். பதுளை நகரம் ஏறக்குறைய 2,200 அடி உயரத்தில் உள்ளது. அப்புத்தளை 4,700 அடி. ஹொப்கின்ஸ் கணக்கின்படி அப்புத்தளையில் எல்லாம் இருபத்தைந்து நாள் பிந்திப் பூக்கவேண்டும். நம் மாணவர் இதனைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டு, இரண்டாம் ஆண்டிலேயே கைவிட்டனர். ஒரே உயரத்திலுள்ள இரு மலைகளுள் முதல்மழை பெற்ற மலை முந்திப் பூத்தது, பெறாதது காத்திருந்தது. விதி பிழையன்று, அது பனிநாட்டு விதி.

வறட்சி எவ்வாறு பூவாகின்றது என்பதற்குக் கோப்பிச் செடியினும் தெளிந்த சான்று இல்லை. கோப்பியின் அரும்புகள் வறள்நாளிலே வளர்ச்சி நின்று உறங்கிக் கிடக்கும். ஒரு நல்ல மழை வீழ்ந்து ஏறத்தாழப் பத்தாம் நாள் காலையில் எல்லா அரும்பும் ஒன்றாக விரியும். மல்லிகையை ஒத்த மணம். வெண்பூ கணுத்தோறும் கொத்தாக அமர்ந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்புநிறமாகிவிடும். ஒரு காலத்தில் இம்மலைகள் யாவும் இவ்வாறு ஒருங்கே வெளுத்தன. 1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இன்று கோப்பிப் பூவைக் காண விரும்புவோர் பதுளையை அடுத்த ஊர்களில் வீட்டுத் தோட்டங்களின் வேலியோரம் பார்த்தல் வேண்டும். மழை பெய்த நாளைக் குறித்துவைத்து, எட்டாம் நாள் முதல் விடியற்காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவந்தால் தவறாது. இதுவே நாம் மாணவர்க்குக் கொடுக்கும் முதற்பயிற்சி.

இனி, இடங்களை நோக்குவோம். பதுளை நகரிலே தொடங்குதல் தக்கது. 1886 ஆம் ஆண்டில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் கிளைத் தோட்டமொன்று இங்கே தொடங்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டது. நகரிலும் நகரைச் சூழ்ந்த சாலைகளிலும் நிற்கும் அழகிய பூமரங்களிற் பல பிறநாட்டிலிருந்து வந்தவை. செம்மயிற்கொன்றையின் தாயகம் மடகாஸ்கர் தீவு. வைகாசியை ஒட்டி மரமே தீப்பற்றியது போல மலர்வதால் மே மரம் என்பாரும் உளர். நெருப்புநிறக் கிண்ணம் போன்ற பூவுடைய ஆபிரிக்கத் துலிப்பு மரம் 1873 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. அதன் அரும்பை நசுக்கினால் நீர் பீச்சும். இத்தகவலை நாம் மாணவர்க்குக் கற்பிக்கவில்லை. அவர்களே நம் சட்டையின் மீது கற்பித்தனர். விதை காற்றிலே பறந்து காடுகளிற் புகுந்து பிற மரங்களை நெருக்குவதாகையால் இன்று இதனைப் புதிதாக நடுவோர் இல்லை.

நம் நாட்டு மரங்களுள் நாகமரம் முதலில் நிற்பது. 1986 ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட இதனை விகாரைகளிற் காணலாம். இதன் பூ வெள்ளை. நடுவே பொன்னிறத் தாதுக்கள். ஆயினும் இதனிற் காணத்தக்கது பூவினும் தளிரே. தளிர் செந்நிறமாய்த் தொங்கும்போது, தூரத்திலிருந்து பார்ப்பவர் மரமே பூத்ததென்று மயங்குவர்.

கொன்றையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சிவபெருமான் சூடும் மலர் என்பதால் நம் கல்லூரிப் பிள்ளைகள் யாவரும் இதன் பெயரை அறிவர். மரத்தைக் காட்டச் சொன்னால் பாதிப்பேர் வேறு மஞ்சட் பூவைக் காட்டுவர். உண்மைக் கொன்றை சரஞ்சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். காய் ஒரு முழம் நீண்ட கரிய குழல். சங்க இலக்கியத்து முல்லைத்திணைப் பாடல்களிலே கொன்றை கார்காலத்தின் அறிகுறியாக வருகின்றது. தலைவன் மீள்வதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டதென்று தலைவிக்கு அது காட்டும். ஆனால் நாம் காணும் கொன்றை சித்திரை, வைகாசி வெயிலிலே பூக்கின்றது. புலவர் பிழைபட்டனரா? அவ்வாறு முடிவுகட்ட நாம் விரும்பவில்லை. கோடையின் நடுவே பெய்யும் முதல்மழையோடு சேர்ந்து மலரும் மரங்களையும், மழைக்காலத்தில் இரண்டாம் முறை சிறிது பூக்கும் மரங்களையும் நாமே கண்டுள்ளோம். ஊவாவைப் போன்று இரண்டு மழையுடைய நாட்டில் வாழ்வோனுக்கு இந்த ஐயம் அவ்வளவு வியப்பளிப்பதில்லை. மொனராகலை, வெல்லவாய வீதிகளில் கொன்றை மிகுதி.

மலைமேற் செல்வோர்க்குப் புகைவண்டியே சிறந்த வழி. இருப்புப்பாதை 1893 இல் அப்புத்தளையையும் அடுத்த ஆண்டில் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. பதுளையிற் காலை வண்டியில் ஏறி இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி நோக்குக. ஹாலிஎலவையும் தெமோதரையையும் தாண்டும்வரை வெப்பநாட்டு மரங்களே. எல்லவுக்கு மேல் காற்று மாறுகின்றது. பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி. இங்கும் வெலிமடைப் பக்கத்திலும் வீட்டு வளவுகளில் பேரி மரங்கள் உண்டு. செரிப்பூவுக்கு உறவான பூவை நம் மாகாணத்திலே காண விரும்புவோர்க்கு இதுவே கிடைப்பது: ஐந்து வெள்ளிதழ், இலைக்கு முன்னரோ இலையோடு கூடவோ மலர்வது. பெருங்காட்சி என்று சொல்வதற்கில்லை. ஒரு வேலிக்குப் பின்னால் ஒரு மரம், அவ்வளவே. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே செல்லுதல் வேண்டும்; பெரும்பாலும் தேநீரும் கிடைக்கும்.

அப்புத்தளையில் இறங்கி, இதல்கஸ்ஹின்னப் பக்கமாகத் திரும்பினால் தங்கமலைச் சரணாலயம். 1931 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அதிசம் மாளிகையை அடுத்த இக்காடு 1938 இல் காவற்காடாக்கப்பட்டது. மலைக்காட்டு மரங்களின் பூ நுண்ணியது. கீழிருந்து பார்ப்போர்க்குத் தோன்றாது. பாதையில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைத் தாதுக்களைக் கண்டபின் தலையை நிமிர்த்துக. காட்டு நாவல் வகைகளை இவ்வாறே கண்டுபிடிக்கலாம்.

இன்னும் மேலே, ஒஹியவிலிருந்து ஹோட்டன் சமவெளி. ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட இப்புல்வெளியிலே, காற்றால் முறுகி வளைந்த குட்டை மரங்களில் இரத்தச்சிவப்புக் கொத்துகள் மலரும். சிங்களத்தில் மஹரத்மல், அதாவது பெருஞ்செம்பூ, என்பர். இமயமலையில் மலரும் றொடோடென்ட்ரன் மரத்தின் இனமே இது; நீலகிரியில் ஒரு கிளை, இலங்கையில் ஒரு கிளை. இடையிலுள்ள சமவெளிகளில் இதனைக் காணமுடியாது. குளிர் மிகுந்த பழங்காலத்தில் தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்து, வெப்பம் கூடியபோது மலையுச்சிகளில் ஒதுங்கியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் தரும் விளக்கம். அதே சமவெளியில் மஞ்சட்பூ முட்செடியொன்றும் பரந்துள்ளது. பார்ப்பதற்கு இனியது, ஐரோப்பாவிலிருந்து வந்து புல்வெளியை விழுங்கும் களை.

குறிஞ்சியைக் காண எண்ணுவோர் பொறுமை உடையவராதல் வேண்டும். நீலகிரியிலும் பழனிமலையிலும் பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக் குறிஞ்சிக்கு இனமான செடிகள் பல நம் மலைகளில் உள்ளன. சிங்களத்தில் நெலு என்பர். ஹோட்டன் சமவெளியில் 2013 ஆம் ஆண்டில் நெலு பெருவாரியாகப் பூத்தது. பூத்துக் காய்த்த செடி மடிந்துவிடும். விதையைத் தின்னக் காட்டுக்கோழிகள் கூடும். அடுத்த தலைமுறைச் செடிகள் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு இலையாகவே நிற்கும். ஒரு மாணவன் நம் கல்லூரியிற் சேர்ந்து வெளியேறும் காலத்துள் பெரும்பாலும் ஒருமுறையே இப்பூவைக் காண்பான். குறிஞ்சி நிலத்திலே வாழும் நாம் அந்நிலத்தின் பெயர்ப்பூவைக் காணாது காலங்கழித்தல் பெருமையன்று.

ஊவாவின் உலர்ந்த புல்வெளிகளைப் பத்தனை என்பர். மானாப்புல் மூடிய அம்மேடுகளில் பூவே இல்லை என்று எண்ணுவோர் மழைக்காலத்தின் பிற்பகுதியிலே சென்று பார்க்க. நிலத்தில் வளரும் மஞ்சள் ஓர்க்கிட் ஒன்று அங்கே தலைநீட்டும். உலகில் இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாதது. வசியமருந்துக்கென்று அதன் கிழங்கைத் தோண்டுவோரால் மிகவும் அருகிவிட்டது. ஆகையால் அது வளரும் மேட்டின் பெயரை ஈண்டு எழுதமாட்டோம். நேரில் வந்து கேட்கும் மாணவரை அழைத்துச் செல்வோம்.

பசறை, லுணுகலை வழியாகக் கீழே இறங்கினால் பிபிலை, நில்கலைப் பக்கத்துப் பூங்காவனம் போன்ற மரப்புல்வெளி. நெல்லி, கடுக்காய், தான்றி எனும் திரிபலை மரங்கள் மூன்றும் இங்கு உண்டு. வேங்கையும் உண்டு. முருகவேளுக்குரிய மரம் என்று நூலிற் படித்த வேங்கையை, கதிர்காமத்தையும் தன்னகத்தே கொண்ட ஊவா மாகாணத்திலே பொன்னிறப் பூவோடு கண்ட மாணவர், வண்டியை நிறுத்தச் சொல்லி ஆரவாரித்தனர். பூ உதிர்ந்த பாறையைப் புலியென்று யானை வெருண்ட செய்தி பழம்பாடல்களிற் பயின்று வருவது. அன்று ஒருவன் அதனைப் பாறைமீது படுத்து நடித்தும் காட்டினான்.

இவ்வளவும் சொல்லித் தோட்டங்களைச் சொல்லாதுவிட்டால் இக்கட்டுரை பாதியே. நம் மாணவருட் பலர் பிறந்த இடம் அது. அவர்கள் நாள்தோறும் பூக்களினூடே நடந்துவருகின்றனர். தேயிலை மலைகளில் காற்றைத் தடுக்க வரிசையாக நிற்பது சவுக்கு. கடற்கரைச் சவுக்கு வேறு. தோட்டத்தார் சவுக்கென்பது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவிலியா மரத்தை. பொன்மஞ்சட் பூக்கள் சீப்பின் பற்களைப் போல ஒருபுறமாக நிற்கும், தேன் சொட்டும், பறவைகள் விடியுமுன்னரே வந்துவிடும். நிழலுக்கும் உரத்துக்கும் நட்ட முள்முருக்கு, நம் முன்னோர் முருக்கென்றும் கவிரென்றும் போற்றிய செம்பூ மரத்தின் இனம். புத்தாண்டு அணுகும்போது முருக்குப் பூப்பதும் குயில் கூவுவதும் சிங்கள மக்களுக்கும் நமக்கும் ஒன்றுபோல் அறிகுறி. ஆயினும் தோட்டத்து முருக்கில் நீங்கள் பூவைக் காண்பது அரிது. தழை வேண்டிக் கிளைகளை அடிக்கடி வெட்டிவிடுவர். பூப்பதற்கு அதற்கு அவகாசமில்லை. வெட்ட மறந்த மரமொன்று ஆற்றோரத்தில் நின்றால் அதுவே அத்தோட்டத்தின் இளவேனில்.

மாசியிலே தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தையும் பூப்பார்க்க வருவோர் தவறவிடலாகாது. வளர்பிறையில் கம்பம் ஊன்றுவர். இரதியும் மன்மதனும் லயன்தோறும் ஆடிவருவர். நிறைமதியை ஒட்டிச் சிவனார் நெற்றிக்கண் திறக்க மதனன் எரிவான். இரதி புலம்பி அவனை மீட்பாள். மலர்க்கணை ஐந்துடையவன், வசந்தனைத் தோழனாகக் கொண்டவன் மன்மதன். வறண்ட மாசியில், பகலெல்லாம் மலையில் உழைத்தோர் இரவெல்லாம் விழித்திருந்து இக்கதையை ஆடுகின்றனர். எங்கே இளவேனில் என்று வினவிய மாணவன் அவ்வாண்டு தன் தோட்டத்தில் இரதி வேடம் புனைந்தவன் என்பதைப் பின்னரே அறிந்தோம். விடை அவன் கையிலேயே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

இறுதியாகத் தேயிலைப்பூ. தேயிலை பூக்குமா என்று கொழும்பு நண்பர் சிலர் கேட்பதுண்டு. தோட்டத்துப் பிள்ளைகளும் கேட்டுள்ளனர். இதுவே நம்மைத் திடுக்கிடச் செய்தது. தேயிலை கமெலியாச் செடியின் இனம். வெண்ணிற இதழ் ஐந்து முதல் எட்டு வரை. நடுவே மஞ்சட் தாது நிறைந்திருக்கும். மெல்லிய மணம் உண்டு. காய் முற்ற ஓராண்டளவு செல்வதால், இவ்வாண்டுப் பூவும் சென்ற ஆண்டுக் காயும் ஒரே கொம்பில் இருக்கும். வேறெந்தப் பூமரத்திலும் இதனை எளிதிற் காட்டவியலாது. ஆனால் வாரம் ஒருமுறையளவில் கொழுந்து கிள்ளி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, செடியை இடுப்பளவில் நிறுத்திவைத்தால் அது இலைவிடுவதிலேயே தன் ஆற்றலைச் செலவிடும். இடையிடையே ஒன்றிரண்டு பூ தலைகாட்டும். நிறைந்த பூவைக் காணமுடியாது. கையை எடுத்துவிட்டால் செடி மரமாகும், மரம் பூக்கும். முற்காலத்தில் விதைக்கென்று சில தேயிலை மரங்களை வெட்டாது வளர்த்தனர். கிளைத்தண்டை நட்டு வளர்க்கும் முறை பரவியபின் அவ்விதைமரங்களின் தேவையும் குறைந்தது.

தேயிலை நிறையப் பூத்திருப்பதை நாம் கண்டது மீரியபெத்தவில். அப்புத்தளைக்குத் தெற்கே, மலைத்தொடர் திடீரெனச் சமவெளியை நோக்கி விழும் சரிவிலே, கொஸ்லாந்தைக்கு அண்மையில் உள்ளது அத்தோட்டப் பிரிவு. தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் அவ்வழியே செல்வர். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், தொடர்மழைக்குப் பின் அம்மலைச் சரிவு இடிந்து லயன்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் முன்னரே எச்சரித்திருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தனர். அவர்கள் திரும்பிவரும்போது வீடு இருந்த இடம் மண்மேடாக இருந்தது. உயிர்தப்பியோர் நெடுங்காலம் தற்காலிக இடங்களில் தங்கியிருந்தனர். 2016 ஆம் ஆண்டில் பூணாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

சில ஆண்டுகளின் பின், ஒரு பங்குனி மாதத்தில் தியலும சென்று திரும்புகையில் மாணவரோடு அங்கே இறங்கினோம். சரிவில் ஏறலாகாது, ஓரத்தில் நின்றே பார்த்தோம். புதைந்த இடத்தின் மேலே காட்டுச் சூரியகாந்தியும் நாயுண்ணியும் அடர்ந்திருந்தன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்; வெறுமண் கண்ட இடத்தில் முதலில் குடியேறுபவை. அதன் விளிம்பிலே, கொழுந்து கிள்ளுவாரின்றி விடப்பட்ட தேயிலை இரண்டாள் உயரம் வளர்ந்து, அடிமுதல் நுனிவரை வெள்ளையாக நின்றது. தேனீக்களின் ஒலி வீதிவரையில் கேட்டது. மாணவர் சிலர் அது என்ன மரம் என்று கேட்டனர். அவர்களின் பாட்டிமார் அதன் இலையைக் கிள்ளியே வாழ்நாளைக் கழித்தவர்கள்.

அவ்வழியே விறகுக்கட்டோடு வந்த முதிய அம்மையார் ஒருவர் நின்று, நாம் பூவை எண்ணிக் குறிப்பெழுதுவதைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னர் அப்பிரிவில் வேலை செய்தவர். "ஐயா, நாங்க இருந்த காலத்துல இந்தப் பூவ இப்பிடி நீங்க பாத்திருக்க ஏலாது. நாங்க பூக்க விட்டிருக்க மாட்டோம்" என்றார். பின்னர் கைக்கெட்டிய கிளையைப் பற்றி, பழக்கத்தால் போலும், நுனியிலிருந்த இரண்டு இலையும் மொட்டும் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். எந்த லயன் அவருடையது என்று நாம் கேட்கவில்லை. மாணவருள் ஒருவன் விறகுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்து உதவினான்.

பூக்குறிப்புப் புத்தகம் ஒன்றை நம் கல்லூரியில் இப்பொழுது வைத்துள்ளோம். மரத்தின் பெயர், தமிழிலும் தோட்டத்து வழக்கிலும், இடம், முதற்பூ கண்ட நாள், அதற்கு முன் பெய்த மழைநாள்: இவை நான்கையும் எழுதினாற் போதும். கியோத்தோத் துறவியர் எழுதியதும் இதனினும் மிகுதியன்று. பழைய மாணவராகிய நண்பர்கள், எத்தோட்டத்தில், எந்நகரில் இருப்பினும், தாம் கண்டதை எழுதி அனுப்பினால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். முதியோரிடம் கேட்டறிந்த பெயர்களே நமக்கு மிகவும் வேண்டியவை. சென்ற ஆண்டில் ஒரே செடிக்கு மூன்று தோட்டங்களிலிருந்து மூன்று பெயர் வந்தன, மூன்றையும் எழுதிவைத்தோம்.

மீரியபெத்தவில் அன்று வீதியோரத்தில் உதிர்ந்து கிடந்த தேயிலைக் காய்கள் நான்கைந்தை ஒரு மாணவன் தன் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கல்லூரி வளவில் நீர்க்குழாயை அடுத்து அவற்றை ஊன்றினோம். ஒன்றே முளைத்தது. இப்பொழுது முழங்காலளவு நிற்கின்றது. புல் வெட்ட வருபவரிடம் அதனைக் கவ்வாத்துச் செய்யவேண்டாம் எனச் சொல்லியிருக்கின்றோம். இன்னும் பூக்கவில்லை.